பிரிண்ட் போதுமா, லாகிங் ஃபிரேம்வொர்க் வேண்டுமா?

போன மாதம் மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டார்கள். நிரல் ஓடும்போது நடப்பதை வரிவரியாகக் குறித்து வைப்பதற்கு லாக் என்று பெயர். அதற்குத் திரையில் எழுதும் பிரிண்ட் கட்டளை போதுமா, அதற்கென்றே எழுதிய நூலகமான லாகிங் ஃபிரேம்வொர்க் வேண்டுமா என்பதுதான் கேள்வி. மலேசியாவின் ஈப்போவில் பொலிடெக்னிக் படிக்கும் தம்பி ஒருவர், "அண்ணே, எல்லாத்தையும் பிரிண்ட் பண்ணியே பாத்துக்கிறேன், இதுக்குத் தனியா ஒரு ஃபிரேம்வொர்க் எதுக்கு?" என்றார். குத்தகைக்காரர் ஒருவருக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள் எழுதும் தங்கைக்கு, ஜாவா மொழிக்கான ஃபிரேம்வொர்க்குகளில் லாக்பேக்கா லாக்4ஜே2-ஆ என்ற குழப்பம். மூன்றாமவர் கோவில் மண்டப முன்பதிவுத் தளத்தை லாராவெல்லில் (பிஎச்பி மொழியில் இணையதளம் கட்டும் கருவி) நடத்துகிறார். அவருடைய லாக் கோப்பு வட்டையே நிரப்பிவிட்டது.

சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு சின்னச் சின்ன மென்பொருள்கள் எழுதுவது என் தொழில். செம்பனைப் பழம் சேகரிக்கும் இடங்களுக்கு லோரி எடைமேடைக் கணக்கு, வெட்டுக்காரர்களின் கூலிக் கணக்கு, இப்படி. கணினி தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறையில் இருக்கும். நான் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மண்பாதைக்கு இந்தப் பக்கம் இருப்பேன். லாக் பற்றி நான் சொல்வதெல்லாம் இந்தத் தூரத்திலிருந்து வருவது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய எடைமேடை நிரலில் எல்லாம் பிரிண்ட்தான். கறுப்புச் சன்னலில் வரிகள் ஓடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு நாள் மாலை லோரி ஓட்டும் அண்ணன் ஒருவர், நிகர எடையில் ஒரு டன்னுக்கு மேல் குறைவு என்று சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்ச் சேர்வதற்குள் இடி இடித்து மின்சாரம் போய், கிராணி (கணக்கு எழுதும் எழுத்தர்) கணினியை மறுபடி போட்டிருந்தார். சன்னலோடு வரிகளும் போய்விட்டன. அச்சடித்த சீட்டு மட்டும் மிச்சம், அதில் இருந்ததே கணக்கு என்றானது. அந்தக் குலைகளை வெட்டியவர்களுக்கு டன் கணக்கில்தான் கூலி.

அன்று இரவே முறையான லாக் போட்டேன். மூன்று வாரம் கழித்து அதே மாதிரி இன்னொரு லோரி. இந்த முறை லாக் தெளிவாகச் சொன்னது: எடைக்கருவி "இன்னும் நிலைக்கவில்லை" என்ற குறியோடு அனுப்பிய எண்ணை என் நிரல் எடுத்துக்கொண்டிருக்கிறது. லோரியின் பின் சக்கரம் மேடையில் முழுதாக ஏறுவதற்குள் கிராணி பொத்தானை அழுத்திவிட்டார், நான் அந்தக் குறியைச் சரிபார்க்கவே இல்லை. இரண்டாவது லோரிக்குக் கணக்கைத் திருத்திக் கொடுத்தார்கள். முதல் லோரிக்குக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போனவர். பெரட்டில் (காலை ஆள் கணக்கெடுப்பில்) பெயர் கூப்பிட்டது முதல் பால் நிறுத்தது வரை கிராணி எழுதிய செக்ரோல் என்ற பதிவேடுதான் அவர்களுக்குக் கணக்கு. அந்தப் புத்தகத்தை வெட்டுக்காரர் யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. இன்று அந்தப் புத்தகத்தை நாம் எழுதுகிறோம். தவறு நடந்தால் திரும்பிப் பார்க்க வழி வைக்க வேண்டியதும் நாம்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

வேகம், புகழ் இவற்றை நான் கடைசியில்தான் பார்ப்பேன். என் அளவுகோல்கள் இவை.

முதலாவது, நான் அங்கே இல்லாதபோது நடந்ததை மறுநாள் படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா? நேரம், எந்த லோரி, எந்த நிலை (சாதாரணச் செய்தியா, பிழையா), நிரலின் எந்தப் பகுதி என்பது எல்லா வரியிலும் தானாக வர வேண்டும்.

இரண்டாவது, நிரலைத் தொடாமல் விவரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறதா? பிரச்சினை வந்தால் எல்லா நுணுக்கத்தையும் எழுதும் "டீபக்" நிலை வரை திறந்து, முடிந்ததும் வழக்கமான செய்திகளை எழுதும் "இன்ஃபோ"வுக்குத் திரும்ப வேண்டும். இது ஒரு அமைப்புக் கோப்பில் ஒரு சொல்லை மாற்றுவதோடு முடிய வேண்டும். புதிதாக நிரலைக் கட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவது வழியல்ல.

மூன்றாவது, வட்டு. நான்காவது, மின்வெட்டு. ஐந்தாவது, வெளியார் எழுதிய நூலகத்தைச் சேர்த்தால் அதைப் பராமரிக்கும் பொறுப்பு.

வட்டைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு நாளில் 400 லோரி, ஒரு லோரிக்கு 50 வரி, வரிக்கு 200 பைட் என்றால் நாளைக்கு 4 எம்பி. ஒரு வருடத்துக்கு ஒன்றரை ஜிபிகூட வராது, கவலையில்லை. ஆனால் எடைக்கருவி வினாடிக்கு பத்து முறை எண் அனுப்புகிறது. அதை ஒவ்வொன்றாக 100 பைட் வரியில் எழுதினால் நாளைக்கு 8,64,000 வரி, 86 எம்பி. வருடத்துக்கு 31 ஜிபிக்கு மேல். 64 ஜிபி வட்டு உள்ள பழைய கணினி இரண்டு வருடம்கூடத் தாங்காது. வட்டு நிறைந்தால் லாக் மட்டும் நிற்காது, தரவுத்தளமும் சேர்ந்து நின்றுவிடும்.

## வழி ஒன்று: பிரிண்ட்

இதைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு முறை ஓட்டிவிட்டு மூடப்போகும் நிரல், வகுப்புப் பயிற்சி, எக்செல் கோப்பிலிருந்து தரவை மாற்றிப்போடும் பத்து வரி, இவற்றுக்கெல்லாம் பிரிண்ட்தான் சரி. கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, உடைவதற்கும் எதுவும் இல்லை.

மறைந்திருக்கும் செலவு, நிரல் கவனிப்பார் இல்லாமல் ஓடத் தொடங்கும்போது வெளிவருகிறது. பைத்தானில் வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட்டால் பிரிண்ட் ஒவ்வொரு வரியையும் உடனே எழுதாது. சேர்த்து வைத்து மொத்தமாக எழுதும். நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கடைசி வரிகள் வராது. நமக்கு வேண்டியது எப்போதும் அந்தக் கடைசி வரிகள்தான். பைத்தானை மைனஸ் யு (-u) என்ற குறியோடு ஓட்டினால் இது தீரும், ஆனால் அதை நினைவு வைத்திருக்க வேண்டும். அப்புறம் நேரம், நிலை எல்லாவற்றையும் கையால் சேர்க்க வேண்டும். மூன்று மாதத்தில் "இங்கே வந்தது 1", "இங்கே வந்தது 2" என்ற வரிகள் நிறைந்து, எது முக்கியம் என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. மேகச் சேவையகத்தில் கண்டெய்னருக்குள் (நிரலைத் தனியே அடைத்து ஓட்டும் பெட்டிக்குள்) ஓடும் நிரல் என்றால், கோப்பு எதுவும் வைக்காமல் திரைக்கே எழுதி, அதைச் சேகரிக்கும் வேலையைச் சுற்றியுள்ள அமைப்பிடம் விடுவது நல்ல பழக்கம். அங்கேயும் எழுதுவது லாக் நூலகமாக இருக்கட்டும், சேருமிடம் மட்டும் திரை.

## வழி இரண்டு: மொழியோடு வருவது

எங்களைப் போன்ற ஊர்களில் ஓடும் மென்பொருளில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது என் தீர்ப்பு. கூடுதலாக எதையும் இறக்க வேண்டாம். இணையம் இல்லாத கணினியில்கூட அப்படியே இருக்கும்.

பைத்தானின் லாகிங் தொகுதி 2003-இல் வெளியான 2.3 பதிப்பிலிருந்து உடன் வருகிறது. டீபக், இன்ஃபோ, வார்னிங், எரர், கிரிட்டிக்கல் என்று ஐந்து நிலைகள். ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் இயங்குதளத்திடம் தள்ளிவிடும், பிரிண்ட் போலத் தேக்கி வைக்காது. இயங்குதளம் வட்டில் எழுதுவதற்குள் மின்சாரம் போனால் இழப்பு இருக்கத்தான் செய்யும். ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வைப்பதுதான் அதற்கு மருந்து.

இதில் தடுக்கி விழும் இடங்கள் உண்டு, நானும் விழுந்திருக்கிறேன். எதுவும் அமைக்காவிட்டால் வார்னிங்குக்குக் கீழே உள்ளது வராது. "இன்ஃபோ எழுதினேன், காணவில்லை" என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். சுழலும் கோப்பு (நிரம்பியதும் பழையதைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிட்டுப் புதியதைத் தொடங்குவது) வேண்டும் என்று ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லரைப் போட்டுவிட்டு, உச்ச அளவையும் எத்தனை பழைய கோப்பு என்பதையும் கொடுக்காமல் விட்டால் அது சுழலவே சுழலாது, வளர்ந்துகொண்டே போகும். இரண்டு செயல்முறைகள் ஒரே கோப்பில் எழுதுவதை அது தாங்காது. விண்டோஸில் அந்தக் கோப்பை வேறு நிரல் திறந்து வைத்திருந்தால் பெயர் மாற்ற முடியாமல் பிழை வரலாம்.

ஜாவாவிலும் 2002-இல் வந்த 1.4 பதிப்பிலிருந்து ஒன்று உடன் இருக்கிறது. வேலை செய்கிறது, ஆனால் பழகுவது சிரமம். நிலைகளின் பெயர்கள் வேறு, இயல்பான வடிவத்தில் ஒரு செய்தி இரண்டு வரியாக விழும், தேடுவது எரிச்சல். கோ மொழியில் 2023-இல் வந்த 1.21 பதிப்பின் எஸ்லாக் மிக நன்றாக இருக்கிறது. டாட்நெட் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் தரும் லாகிங் இடைமுகம் அருமை, ஆனால் கோப்பில் எழுதும் பகுதி அதில் இல்லை. திரைக்கு எழுதும், விண்டோஸ் ஈவென்ட் லாக்குக்கு எழுதும். சாதாரண உரைக்கோப்பு வேண்டுமென்றால் வெளியிலிருந்து ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும்.

## வழி மூன்று: தனி ஃபிரேம்வொர்க்

ஜாவாவில் லாக்பேக், லாக்4ஜே2. டாட்நெட்டில் செரிலாக், என்லாக். பிஎச்பியில் மோனோலாக், லாராவெல் அதைத்தான் உள்ளே வைத்திருக்கிறது. பைத்தானில் லோகுரு, ஸ்ட்ரக்ட்லாக்.

இவை தரும் பெரிய நன்மை, கட்டமைத்த பதிவு. "லோரி வந்தது, எடை 14620" என்று வாக்கியமாக எழுதாமல், லோரி எண், மொத்த எடை, வெற்று எடை, நிலைத்ததா என்று தனித்தனிப் புலங்களாக, ஜேசன் (பெயரும் மதிப்பும் இணையாக வரும் உரை) வடிவில் எழுதலாம். பிறகு "நிலைக்காத எடையில் சீட்டு அடித்த லோரிகள் எவை?" என்று கேட்டால் ஒரே தேடலில் விடை. என் முதல் லோரிக்கு இது இருந்திருந்தால் பத்து நிமிட வேலை. வாக்கியமாக எழுதிய லாக்கிலும் தேடலாம், ஆனால் எழுதும் ஆள் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எழுதியிருக்க வேண்டுமே. அது நடப்பதில்லை. எந்த வரி எங்கே போக வேண்டும் என்று பிரிப்பதும், ஒரே லோரியின் எல்லா வரிகளிலும் லோரி எண்ணைத் தானாக ஒட்டுவதும் இவற்றில் எளிது.

இவற்றின் செலவு, யாரும் சொல்லாத இயல்பு அமைப்புகளில் ஒளிந்திருக்கிறது. செரிலாக்கின் கோப்பு, வேறு எதுவும் சொல்லாவிட்டால் 1 ஜிபி ஆனதும் எழுதுவதை நிறுத்திவிடும். வட்டைக் காப்பாற்றத்தான் அப்படி, ஆனால் சத்தமில்லாமல் நிற்கும். லாக்பேக்கில் வேகத்துக்காகப் பின்னணியில் எழுதும் முறையைப் போட்டால், 256 இடமுள்ள வரிசை 80 விழுக்காடு நிரம்பியதும் இன்ஃபோவையும் அதற்குக் கீழுள்ளதையும் தூக்கிப் போட்டுவிடும். எடைச் சீட்டு விவரத்தை இன்ஃபோவில் எழுதுகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும். லாராவெல்லின் இயல்பான அமைப்பு ஒரே கோப்பில் எழுதிக்கொண்டே போகும். கோவில் மண்டபத் தளத்து அண்ணனின் வட்டு நிறைந்தது இதனால்தான். "டெய்லி" என்று ஒரு சொல்லை மாற்றினால் நாளுக்கு ஒரு கோப்பு, 14 நாள் வைத்திருக்கும்.

பாதுகாப்பு இதைவிடப் பெரிய விஷயம். 2021 டிசம்பரில் லாக்4ஜே2-இல் வெளிப்பட்ட ஓட்டையை மறக்கக் கூடாது. சிவிஇ-2021-44228 என்பது அதன் பதிவு எண், லாக்4ஷெல் என்று பெயர், தீவிர மதிப்பெண் பத்துக்குப் பத்து. பயனர் தட்டச்சு செய்த ஒரு சரத்தை லாக்கில் எழுதினால் போதும்; அந்த நூலகம் அதைக் கட்டளையாகப் படித்து, வெளிச் சேவையகத்திலிருந்து நிரலை இழுத்து ஓட்டிவிடும். நிரலில் தவறே செய்யாதவர்கள்கூட மாட்டினார்கள், ஏனென்றால் தாங்கள் பயன்படுத்திய வேறொரு மென்பொருளுக்குள் அது இருந்தது. திருத்தமும் ஒரு தடவையில் முடியவில்லை: 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அந்த ஒரே மாதத்தில் நான்கு பதிப்புகள். பழைய லாக்4ஜே 1-க்கோ 2015 ஆகஸ்டிலேயே ஆதரவு முடிந்துவிட்டது, இன்னும் அதில் ஓடுபவை உண்டு.

இதனால் ஃபிரேம்வொர்க்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சேர்த்தால் புதுப்பிக்கும் கடமையும் சேர்ந்து வரும். ஒருமுறை நிறுவிவிட்டு ஐந்து வருடம் யாரும் தொடாத தோட்டத்துக் கணினிக்கு அந்தக் கடமையை யார் ஏற்பார்கள் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளக் கணக்கு எழுதும் தங்கைக்கு என் பதில்: ஜாவாவின் ஸ்பிரிங் பூட் கட்டமைப்பைப் பயன்படுத்துகிறீர்கள், அதில் லாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளுங்கள். இயல்பாக அது திரைக்கு மட்டுமே எழுதும், கோப்புப் பெயரை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். கொடுத்தால் 10 எம்பிக்கு ஒரு முறை தானே சுழலும். நிரலில் பல லாக் நூலகங்களுக்கும் பொதுவான எஸ்எல்எஃப்4ஜே இடைமுகத்தை மட்டும் அழையுங்கள், நாளை பின்னால் உள்ளதை மாற்ற வேண்டியிருந்தாலும் உங்கள் வரிகளைத் தொட வேண்டாம். லாக்4ஜே2 வினாடிக்குப் பல்லாயிரம் வரிகள் எழுதுபவர்களுக்கு நல்ல கருவி. முந்நூறு பேர் சம்பளத்துக்கு அந்த வேகம் தேவையில்லை.

## வழி நான்கு: எல்லாவற்றையும் ஓரிடத்துக்கு அனுப்புவது

பல இடங்களின் லாக்கைச் சேர்த்துத் தேட உதவும் எலாஸ்டிக்சர்ச், லோக்கி போன்றவை. பத்துப் பதினைந்து இடங்களில் உங்கள் நிரல் ஓடினால் இது வரம். ஓர் இடம், இரண்டு இடம் என்றால் லாக்கைப் பார்த்துக்கொள்ளவே தனிச் சேவையகம், தனி மாதச் செலவு, தனிப் பராமரிப்பு. எங்கள் பக்கம் மழை பெய்தால் இணைய இணைப்பும் நம்பிக்கையாக இருக்காது. அதனால் இந்த வழியில் போனாலும் முதலில் உள்ளூர் வட்டில் எழுதி, பிறகு அங்கிருந்து அனுப்புங்கள். நேரே வலைக்கு எழுதும் நிரல், இணைப்பு போனதும் லாக்கை இழக்கும், இல்லையென்றால் தானே காத்து நிற்கும். லோரி வரிசையில் நிற்கும்போது அது கூடாது.

## ஒரே பார்வையில்

| | பிரிண்ட் | மொழியோடு வருவது | தனி ஃபிரேம்வொர்க் | ஓரிடச் சேகரிப்பு |
|---|---|---|---|---|
| தொடங்கும் நேரம் | உடனே | ஒரு மாலைப் பொழுது | ஒன்றிரண்டு நாள் | வாரக்கணக்கில் |
| மறுநாள் படிக்க | கடினம் | நன்று | மிக நன்று | மிக நன்று, பல இடங்களுக்கும் |
| நிரலைத் தொடாமல் நிலை மாற்ற | முடியாது | முடியும், அமைத்து வைத்தால் | எளிது | எளிது |
| மின்வெட்டில் | கடைசி வரிகள் போகும் | சிறு இழப்பு | பின்னணி எழுத்தைப் போட்டால் இழப்பு கூடும் | உள்ளூர்ப் படி இருந்தால் பயமில்லை |
| மறைந்த செலவு | தேடும் நேரம் | சுழற்சியைச் சரியாக அமைப்பது | புதுப்பிப்பு, பாதுகாப்பு | சேவையகம், ஆள் |
| யாருக்கு | ஒரு முறை ஓடும் நிரல் | ஒன்றிரண்டு இடத்தில் ஓடும் சிறு மென்பொருள் | டாட்நெட், ஸ்பிரிங் பூட், லாராவெல். புலம் புலமாகத் தேட வேண்டியவர் | பல கிளைகள் |

சொந்தமாக ஒரு லாகர் எழுதுவதை அட்டவணையில் சேர்க்கவில்லை. சுழற்சி, பல இழைகள், எழுத்துக் குறியேற்றம் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். தமிழ்ப் பெயர்கள் லாக்கில் கேள்விக்குறிகளாக மாறிய பிறகு யுடிஎஃப்-8 (தமிழையும் தாங்கும் குறியேற்றம்) பற்றி யோசிப்பது வீண் அலைச்சல்.

## எதைத் தேர்ந்தாலும் இரண்டு விஷயம்

ஒன்று, நேரம். மேகச் சேவையகங்கள் பெரும்பாலும் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். காலை ஆறு மணிக்குப் பதிந்த வருகை லாக்கில் முந்தைய நாள் இரவு பத்து மணி என்று விழும். தேதியைப் பார்த்துத் தேடினால் அந்த ஆள் அன்று வேலைக்கே வராதது போலத் தோன்றும். கூலிக் கணக்கில் இது விளையாட்டல்ல. ஒவ்வொரு வரியிலும் நேரத்தோடு +08:00 என்ற குறியையும் சேர்த்து எழுதுங்கள். வட்டார நேரம் மாறாது என்று நம்பி விட்டுவிடவும் வேண்டாம். தீபகற்ப மலேசியாவின் கடிகாரமே 1982 ஜனவரி 1-இல்தான் அரை மணி நேரம் முன்னே நகர்ந்து இன்றைய நேரத்துக்கு வந்தது.

இரண்டு, எழுதக் கூடாதவை. 2018 மே மாதம் டுவிட்டர் நிறுவனம், கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் தன் உள் லாக்கில் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு, 33 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி சொன்னது. பெரிய பொறியாளர்கள் இருந்த இடத்திலேயே இப்படி. நம் நிரல்களில் அந்த ஆபத்து மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்தான். பன்னிரண்டு இலக்கம், முதல் ஆறு பிறந்த தேதி; அதோடு வங்கிக் கணக்கும் சம்பளமும் ஒரே வரியில் விழுந்தால், லாக் கோப்பை வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பும் கிராணி தன்னை அறியாமல் நூறு பேரின் விவரத்தைக் கைமாற்றுகிறார். 2013 முதல் நடப்பில் இருக்கும் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை லாக் எழுதும்போதும் நினைவில் வையுங்கள். நான் பணியாளர் எண்ணை மட்டும் எழுதுவேன். மைகார்டு வேண்டியிருந்தால் கடைசி நான்கு இலக்கம், அவ்வளவுதான்.

## பொலிடெக்னிக் தம்பிக்கு

உங்கள் எடைமேடை நிரல் பைத்தானில், ஒரே இடத்தில் ஓடப் போகிறது. உடன் வரும் லாகிங் தொகுதியே போதும், தம்பி. கோப்புக்கு 5 எம்பி உச்சம், பத்துப் பழைய கோப்பு என்று இரண்டையும் மறக்காமல் கொடுங்கள். மொத்தம் 55 எம்பிக்கு மேல் போகாது. நிலையை அமைப்புக் கோப்பிலிருந்து படியுங்கள். எடைக்கருவியின் ஒவ்வொரு எண்ணையும் எழுத வேண்டாம். சீட்டு அடிக்கும் நொடிக்கு முன்னிருந்த கடைசி இருபது எண்களை மட்டும் நினைவில் வைத்திருந்து, சீட்டோடு சேர்த்து எழுதுங்கள். கருவி அனுப்பிய சரத்தை அப்படியே எழுதுங்கள், உங்கள் நிரல் புரிந்துகொண்ட எண்ணை அதற்குப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டும் வேறுபடும் நாளில் பிழை எங்கே என்று தெரியும்.

பழைய பிரிண்ட் வரிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. சீட்டு அடிக்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள், பணம் மாறும் இடம் அதுதான். முடித்ததும் ஓடிக்கொண்டிருக்கும் கணினியின் மின்கம்பியைப் பிடுங்கிப் பாருங்கள், உங்கள் மேசையில் இருக்கும்போதே. மறுபடி போட்டு லாக்கைத் திறந்தால், கடைசியாக எடை போட்ட லோரி அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எனக்கு அழையுங்கள், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீட்டில்தான் இருப்பேன், சேர்ந்து பார்ப்போம்.